மூடுபனிக்குள் பக்கவாட்டில்

ஹெலிகாப்டர் யுத்தங்கள்: வரலாற்றுத் தொடர் – 11

சென்ற பகுதியில் பர்மாக் காட்டை விட்டுக் கிளம்பியபோது ஹெலிகாப்டர் இன்னும் நோஞ்சானாகத்தான் இருந்தது. 1944 ஏப்ரலில் கார்ட்டர் ஹார்மனால் ஒரு தடவைக்கு ஒரே ஓர் ஆளைத்தான் ஏற்ற முடிந்தது. நான்கு பேரை மீட்க நான்கு நடை. நடுவில் என்ஜின் கொதித்துப்போனதால் ஓர் இரவு காத்திருக்கவும் வேண்டியிருந்தது. கொரியப் போரில் வந்த பெல் ஹெலிகாப்டர்களில் காயம்பட்டவரை வெளிப்புறத்தில் ஸ்ட்ரெச்சரோடு கட்டித் தூக்கிப் போனார்கள். பயணத்தின் நடுவே ரத்தம் கொட்டினாலும் யாரும் எட்டித் தொட முடியாது. வியட்நாமில் 'ஹியூயி' வந்து இந்தக் குறைகளை எல்லாம் தீர்த்தது. டர்பைன் என்ஜின், பெரிய கதவுகள், உள்ளேயே ஸ்ட்ரெச்சர்கள், பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டுப்போட ஒரு மருத்துவ உதவியாளர். இனி இயந்திரத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, ஓட்டுகிறவனின் நெஞ்சுரம்தான் பாக்கி என்றே அந்தப் போரின் மீட்புக் கதைகள் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்தப் பார்வையில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. இயந்திரத்துக்கும் நெஞ்சுரத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. ஒரு சின்னஞ்சிறு பிரிவு தனக்கென்று வகுத்துக்கொண்ட விதியும், அந்த விதியை நிறைவேற்றப் பழகிக்கொண்ட கைத்திறனும்தான் அது. அவை இல்லாமல் 1968 ஜனவரி 6-ஆம் தேதி நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது.

அன்று நடந்தது இது. தென் வியட்நாமின் கடற்கரை முகாமான சூ லாயில் 54-ஆவது மருத்துவப் பிரிவு இருந்தது. ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்களை ஓட்டுவது அதன் வேலை. அதன் விமானிகளில் ஒருவர் மேஜர் பேட்ரிக் பிரேடி. மூடுபனியும் புகையும் அடைத்துக்கொண்ட ஒரு பள்ளத்தாக்கில் தென் வியட்நாமியச் சிப்பாய்கள் இரண்டு பேர் படுகாயத்தோடு கிடப்பதாகக் காலையில் தகவல் வந்தது. பிரேடி அந்தப் பனிக்குள் இறங்கி, ஒற்றையடித் தடம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போய், மிகச் சிறிய ஓர் இடத்தில் தரையிறங்கி, பக்கத்திலிருந்து சுடச்சுட இருவரையும் ஏற்றி வந்தார். அடுத்து அமெரிக்கச் சிப்பாய்கள் காயம்பட்டுக் கிடந்த இன்னொரு இடம். எதிரி 50 மீட்டர் தூரத்தில் இருந்தான். அதே இடத்துக்கு முன்பு போன இரண்டு ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டிருந்தன. அன்று காலை முயன்ற மற்றவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். பிரேடி நான்கு தடவை போய்வந்து அத்தனை பேரையும் மீட்டார். மூன்றாவது இடத்தில் சுற்றிலும் எதிரிகள். முதல் முயற்சியிலேயே கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒரு பகுதி குண்டு பட்டுச் சிதைந்தது. விலகிப்போய்ச் சில நிமிடங்களில் திரும்பி வந்து அங்கிருந்தவர்களையும் ஏற்றினார். பிறகு வேறொரு ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு, கண்ணிவெடி வயலில் சிக்கிய ஒரு பிளாட்டூனைத் தேடிப் போனார். அருகில் ஒரு கண்ணிவெடி வெடித்துக் குழுவில் இருவருக்குக் காயம், ஹெலிகாப்டருக்கும் சேதம். அப்படியும் ஆறு பேரை அதில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் அவர் மூன்று ஹெலிகாப்டர்கள் மாற்றியிருந்தார், 51 பேரை மீட்டிருந்தார்.

இந்த விவரங்கள் அவருக்கு 1969 அக்டோபரில் வழங்கப்பட்ட 'மெடல் ஆஃப் ஆனர்' விருதின் பாராட்டுரையிலிருந்து வருகின்றன. பாராட்டுரையை வரலாற்றுச் சான்றாக வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே. எழுதும்போதே விருதை மனத்தில் வைத்து எழுதப்படும் காகிதம் அது. நம் கல்வெட்டுகளில் வரும் மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது எவ்வளவு தள்ளுபடி கொடுக்கிறோமோ, அதே தள்ளுபடியை இதற்கும் கொடுக்கத்தான் வேண்டும். மெய்க்கீர்த்தியிலும்கூட உரிச்சொற்களைக் கழித்துவிட்டு ஊர்ப்பெயர்களையும் எண்களையும் எடுத்து வைத்துக்கொள்கிறோம் அல்லவா, இங்கும் அதைச் செய்யலாம். ஏற்றி வந்தவர்களை மருத்துவமனை எண்ணிப் பதிவு செய்கிறது; சேதமான ஹெலிகாப்டரைப் பழுதுபார்ப்புப் பிரிவு குறித்து வைக்கிறது. 51, மூன்று என்ற எண்கள் இத்தகைய கணக்குகள். மூன்று ஹெலிகாப்டர்களிலும் சேர்த்து 400-க்கும் மேற்பட்ட துளைகள் இருந்தன என்று பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் சொல்கிறார்கள். அது பாராட்டுரையில் இல்லை. நானும் அதன்மேல் எதையும் கட்டப்போவதில்லை. என் கவனத்தை இழுத்தது வேறு ஒரு விவரம். பள்ளத்தாக்கில் போனபோது ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி, சுழலியின் காற்றால் பனியை விலக்கிக்கொண்டே போனார் என்று பாராட்டுரை சொல்கிறது. புகழ்கிறவர்கள் கற்பனையில் சேர்க்கிற சரக்கு இதுவாக இருக்காது. இது தொழில் தெரிந்தவனின் தந்திரம்.

அந்தத் தந்திரத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பனிக்குள் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவனுக்கு முதல் எதிரி மலையோ துப்பாக்கியோ இல்லை, அவனுடைய காதுதான். தொடுவானம் மறைந்த சில நொடிகளில் உட்செவி பொய் சொல்லத் தொடங்கும். சாய்ந்திருக்கும்போது நேராக இருப்பதாகத் தோன்றும், நேராக்கினால் சாய்வதாகத் தோன்றும். கண்ணுக்கு இரண்டு பிடிமானங்கள் கிடைத்தால்தான் அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க முடியும். முன்கண்ணாடி வழியே பார்த்தால் வெறும் வெள்ளை. 1967-இல், சூ லாய்க்கு மேற்கே ஒரு மலை உச்சியில் பாம்பு கடித்த சிப்பாய் ஒருவனை எடுத்துவரப் போனபோது பிரேடிக்கு இந்தச் சிக்கல் வந்தது. மேகத்துக்குள் ஏற முயன்று தோற்று விலகும்போது தற்செயலாகப் பக்கவாட்டு ஜன்னல் வழியே பார்த்தார். ரோட்டாரின் நுனி தெரிந்தது, அதற்குக் கீழே மரத்தின் உச்சி தெரிந்தது. ஹியூயியின் ரோட்டார் சுமார் 14 மீட்டர் அகலம். அதன் பாதி, அதாவது ஏழு மீட்டர், அவருடைய கண் பார்வைக்குள் இருந்தது. நுனி ஒன்று, மரம் ஒன்று: பிடிமானங்கள் இரண்டும் கிடைத்துவிட்டன. மூக்கைத் திருப்பிவிட்டு, தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, மரத்திலிருந்து மரத்துக்கு நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து உச்சியைத் தொட்டார். சுழலியின் காற்றும் கொஞ்சம் பனியைக் கலைத்துக் கொடுத்தது. இவ்வளவு மெதுவாகப் போனால் சுடுவதற்கு வசதியான இலக்காகிவிடாதா என்று கேட்கலாம். விமானியின் கண்ணை மறைக்கிற பனி சுடுகிறவன் கண்ணையும் மறைக்கத்தானே செய்யும். சத்தம் கேட்கும், திசை தெரியாது. தரையிறங்கும் கடைசி நிமிடம்வரை பனி விமானியின் பக்கம்தான். ஜனவரி 6 அன்று முன்னால் போனவர்கள் பனியைத் தடையாகப் பார்த்தார்கள். பிரேடிக்கு அதை மறைப்பாகப் பயன்படுத்தும் வழி தெரிந்திருந்தது. ஒரே இடம், ஒரே ஹெலிகாப்டர் வகை. மற்றவர்களுக்குத் துணிவு குறைவு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இவரிடம் முன்கூட்டியே ஒத்திகை பார்த்த ஒரு வழி இருந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது.

இது ஒற்றை மனிதனின் சாமர்த்தியக் கதையாக நின்றுவிடாமல் இருப்பதற்குக் காரணம் அந்தப் போரின் இழப்புக் கணக்கு. வியட்நாமில் சுமார் 1,400 ராணுவ விமானிகள் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். எதிரியின் குண்டாலும் அதனால் நேர்ந்த விபத்தாலும் அவர்களில் இறந்தவர்கள் சுமார் 40 பேர். எதிரிக்குத் தொடர்பே இல்லாத விபத்துகளில் இறந்தவர்கள் 48 பேர். அவற்றில் பல இரவிலும் மோசமான வானிலையிலும் நடந்தவை. காயம்பட்டவர்களையும் சேர்த்தால் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு வகையில் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் அதிகாரபூர்வ வரலாறு தரும் கணக்கு இது. மற்ற ஹெலிகாப்டர் பணிகளோடு ஒப்பிட்டால் எதிரியிடம் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டரை இழக்கும் விகிதம் மூன்று மடங்குக்கும் மேல் என்றும் அதே வரலாறு சொல்கிறது. ஆனால் இறப்பில் அதைவிடப் பெரிய பங்கு இருட்டுக்கும் பனிக்கும் போயிருக்கிறது. திரைப்படங்களில் ஹெலிகாப்டர் வீரம் என்றால் கண்ணாடியைத் துளைக்கும் குண்டுகள்தான். கணக்குப்புத்தகமோ வேறு கதை சொல்கிறது: இந்த வேலையில் அஞ்சத்தக்க எதிரி பார்வையின்மை, அதை வெல்ல மார்பை நிமிர்த்தினால் போதாது. 'இரவில் வர முடியாது, விடியட்டும்' என்று சொல்லிவிட்டால் அந்த 48-இல் பலர் பிழைத்திருப்பார்கள். அப்படிச் சொல்லியிருந்தால் கீழே கிடந்தவர்களில் எத்தனை பேர் விடியலைப் பார்த்திருப்பார்கள் என்பது மறுபக்கம். அந்தப் பதிலைச் சொல்லக்கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது?

அது 1964-க்குப் போகிறது. 57-ஆவது மருத்துவப் பிரிவு 1962-இல் ஐந்தே ஹெலிகாப்டர்களோடு வியட்நாம் வந்து இறங்கியது. 'டஸ்ட்ஆஃப்' என்ற ரேடியோ அழைப்புப் பெயர் அதற்கு அடுத்த ஆண்டு கிடைத்தது. 1964 தொடக்கத்தில் அதன் தலைமைக்கு வந்தவர் மேஜர் சார்ல்ஸ் கெல்லி, ஜார்ஜியா மாநிலத்துக்காரர். அப்போது அந்தப் பிரிவின் உயிருக்கே ஆபத்து இருந்தது, ஆபத்து வந்ததோ சொந்தத் தலைமையிடமிருந்து. ஆதரவுப் படைகளின் தலைவரான பிரிகேடியர் ஜெனரல் ஜோசப் ஸ்டில்வெல்லுக்கு ஒரு யோசனை. பர்மாப் போர்க்களத்தில் பெயர் பெற்ற ஸ்டில்வெல்லின் மகன்தான் இவர். சென்ற பகுதியில் அந்தத் தந்தையைச் சந்தித்திருக்கிறோம். செஞ்சிலுவைச் சின்னத்தை நிரந்தரமாக வரைந்து சில ஹெலிகாப்டர்களை முடக்கி வைப்பானேன், கழற்றி மாட்டும் சிலுவைகளைச் செய்துகொண்டால் காயம்பட்டவர் இருக்கும்போது மாட்டலாம், இல்லாதபோது படைகளை ஏற்றலாமே என்பது அவர் வாதம். நிர்வாகக் கண்ணுக்கு இதில் குறை தெரியாது. ஹெலிகாப்டர் விலையுயர்ந்த சாதனம், அது சும்மா நிற்பது வீண்செலவு.

கெல்லி அதை எதிர்த்த விதம் சுவாரசியமானது. மனு எழுதியதோடு நிற்கவில்லை. தன் பிரிவு சும்மா நிற்கிறது என்ற வாதத்தின் காலையே வாரிவிட்டார். மார்ச்சில் பிரிவின் ஒரு பகுதியோடு மெக்காங் டெல்டாவில் இருந்த சோக் ட்ராங்குக்குப் போனார். இரவானால் தாமே ஹெலிகாப்டரை எடுத்துக்கொண்டு டெல்டாவின் சிறு முகாம்களை ஒரு சுற்றுச் சுற்றுவார். வின் லாங், கான் தோ, பாக் லியூ, கா மாவ் என்று ஒவ்வொன்றாக ரேடியோவில் கூப்பிட்டு, காயம்பட்டவர் யாராவது உண்டா என்று கேட்பார். இல்லை என்றால் அடுத்த முகாம். விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்த பலர் இப்படி இரவிலேயே மருத்துவமனை போய்ச் சேர்ந்தார்கள். கெல்லி 'வியாபாரம் பிடிக்கிறார்' என்று நக்கலடிக்க இதில் இடமிருக்கிறது. ஓரளவு அது உண்மையும்கூட. எண்ணிக்கை கூடினால்தான் பிரிவு பிழைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சுயநலக் கணக்கும் மனிதாபிமானமும் இங்கே ஒரே திசையில் ஓடின என்பதால் எதன் மதிப்பும் குறைந்துவிடவில்லை. இந்தச் சுற்றுகளின் உண்மையான விளைவு வேறு. இரவில் பறப்பது விதிவிலக்காக இருந்த நிலை மாறி அன்றாடப் பழக்கமாயிற்று. தரையின் நெளிவு, வாய்க்கால்களின் மினுமினுப்பு, எந்த முகாமின் விளக்கு எங்கே என்பதெல்லாம் அந்தச் சிறு குழுவின் மனப்பாடமாயின. அந்தக் குழுவில் முதல் தடவை வியட்நாமுக்கு வந்திருந்த இளம் விமானி ஒருவர் இருந்தார். பேட்ரிக் பிரேடிதான் அவர்.

1964 ஜூலை 1 அன்று வின் லாங் அருகே காயம்பட்டவர்களை ஏற்றக் கெல்லி இறங்கியபோது சூடு கடுமையாயிற்று. தரையிலிருந்து ரேடியோவில் போய்விடும்படி சொன்னார்கள். காயம்பட்டவர்கள் ஏறியதும் போகிறேன் என்ற பொருளில் அவர் சொன்ன சில சொற்கள்தான் அந்தப் பிரிவுகளின் வாய்மொழிச் சட்டமாக இன்றுவரை சொல்லப்படுகின்றன. அடுத்த கணம் திறந்திருந்த கதவு வழியே வந்த ஒரு குண்டு அவர் நெஞ்சில் பாய்ந்தது. வயது 39. மறுநாள், அந்தக் குண்டை மேசையில் போட்டு இனிமேலாவது அடக்கி வாசிப்பீர்களா என்று ஓர் அதிகாரி கேட்டதாகவும், பறப்பது அப்படியேதான் தொடரும் என்று தான் சொன்னதாகவும் பிரேடி பின்னாளில் எழுதியிருக்கிறார். அவர் நினைவு சொல்வதுதான், வேறு சாட்சி இல்லை. எனவே அதை அவருடைய கூற்றாகவே வைத்துக்கொள்வோம். கழற்றி மாட்டும் சிலுவைத் திட்டம் அதன் பிறகு நடைமுறைக்கு வரவில்லை. கெல்லி வாழ்ந்திருந்தால் இந்தச் சண்டையில் ஜெயித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ராணுவங்களில் சில வாதங்கள் சவப்பெட்டியோடுதான் ஏற்கப்படுகின்றன.

இங்கே என் வாதத்துக்கு எதிராக இருப்பவற்றில் வலுவான சான்றை எடுத்துக்கொள்ள வேண்டும். 1965 நவம்பர் 14, இயா ட்ராங் பள்ளத்தாக்கில் 'எக்ஸ்-ரே' என்று பெயரிட்ட தரையிறங்குமிடம். வட வியட்நாமியப் படை சூழ்ந்துகொண்ட ஒரு பட்டாலியனில் காயம்பட்டவர்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். மருத்துவ ஹெலிகாப்டர்கள் அந்தச் சூட்டில் இறங்க மறுத்துவிட்டன. போனவர்கள் யார்? படைகளை ஏற்றி இறக்கும் சாதாரண ஹெலிகாப்டர் கம்பெனியின் தலைவர் மேஜர் புரூஸ் கிராண்டல், அவரோடு கேப்டன் எட் ஃப்ரீமன். கிராண்டல் அன்று 22 தடவை பறந்தார், ஃப்ரீமன் 14 தடவை. உள்ளே போகும்போது தோட்டாவும் தண்ணீரும், வெளியே வரும்போது காயம்பட்டவர்கள். 70 பேருக்கு மேல் வெளியே வந்தார்கள். ஃப்ரீமனுக்கு 2001-இலும் கிராண்டலுக்கு 2007-இலும்தான் 'மெடல் ஆஃப் ஆனர்' கிடைத்தது. ஸ்டில்வெல் சொன்னது இதைத்தானே என்று ஒருவர் கேட்கலாம்: தனி ஆம்புலன்ஸ் எதற்கு, நெஞ்சுரம் உள்ள எவனும் எந்த ஹெலிகாப்டரையும் ஆம்புலன்ஸாக்கிவிடுவானே!

கேள்வி கூர்மையானது, இரண்டு பதில்கள் உண்டு. கிராண்டலின் ஹெலிகாப்டர்கள் எப்படியும் அங்கே போக வேண்டியிருந்தது, தோட்டா இல்லாவிட்டால் பட்டாலியன் அழிந்துவிடும். காயம்பட்டவர்கள் காலியாகத் திரும்பும் வண்டியில் ஏறினார்கள். பெரிய சண்டைகளில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்யும். டெல்டாவில் ஒரு சிறு முகாமில் நள்ளிரவில் குண்டடிபட்ட ஒரே ஒரு கிராமக் காவல்படைக்காரனுக்கு யார் தோட்டா கொண்டுபோகப் போகிறார்கள்? ஜனவரி 6 காலையில் பனிப் பள்ளத்தாக்கில் கிடந்த அந்த இரண்டு தென் வியட்நாமியர்களையும் யோசித்துப் பாருங்கள். அமெரிக்கப் படை நடவடிக்கை எதற்கும் அவர்கள் இன்றியமையாதவர்கள் அல்லர். சிலுவையைக் கழற்றி மாட்டும் ஏற்பாட்டில் அன்று ஹெலிகாப்டர்கள் வேறு வேலைக்குப் போயிருக்கும், பனி விலகிய பிறகு பார்க்கலாம் என்ற பதில் வந்திருக்கும். இரண்டாவது பதில் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. எக்ஸ்-ரேயில் மறுத்தவர்கள் கெல்லியின் வழி வந்தவர்கள் இல்லை. அங்கே போரிட்ட டிவிஷன் தன் சொந்த மருத்துவ ஹெலிகாப்டர் பிளாட்டூனை வேறு விதிமுறையில் நடத்தியது. இடம் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதற்கு அங்கே முதலிடம். ஆகவே தனிப் பிரிவு இருந்தால் மட்டும் போதாது என்பதை எக்ஸ்-ரே காட்டுகிறது. ஹெலிகாப்டரும் சிலுவையும் மருத்துவ உதவியாளரும் இருந்தும், போவதா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்கூட்டியே பதில் சொல்லும் விதி அங்கே இல்லை. அன்று கிராண்டல் அந்தக் கேள்விக்குத் தனியொருவராகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவருடைய துணிச்சலின் அளவு அதனால்தான் மலைக்க வைக்கிறது. டஸ்ட்ஆஃப் விமானியோ படுக்கையிலிருந்து எழும்போதே பதிலோடு எழுந்தவன். எப்படிப் போவது என்பது மட்டுமே அவன் யோசிக்க வேண்டியது. துணிச்சலை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கறக்க முடியாது. பழக்கமாக்கினால்தான் அது 2,000 பணிகளுக்குத் தாங்கும், பிரேடி இரண்டு தவணைகளில் பறந்தது அதற்கும் மேல்.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலை உண்டு, அதைக் கெல்லியின் ரசிகர்கள் சரியாக எடைபோடுவதில்லை என்று எனக்குப் படுகிறது. 'கூப்பிட்டால் போ' என்பது விதியானால், கூப்பிடுகிறவன் கையில் ஹெலிகாப்டரில் இருக்கும் நான்கு பேரின் உயிர் வந்துவிடுகிறது. காயங்களை அவசரம், முன்னுரிமை, சாதாரணம் என்று வகை பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. தன் நண்பன் கால் உடைந்து கிடக்கும்போது 'சாதாரணம்' என்று ரேடியோவில் சொல்ல எந்தச் சிப்பாய்க்கு மனம் வரும்? தேவைக்கு மேல் அவசரம் என்று சொல்லும் வழக்கம் போர் முழுவதும் இருந்தது. விடியும்வரை தாங்கக்கூடிய காயத்துக்காக இருட்டில் இறங்கி மோதியவர்கள் அந்த 48-இல் இருந்தே தீர வேண்டும். கெல்லியே அந்த விதிக்குப் பலிதான். ஆனால் விதியை விட்டுவிட்டால் வரும் மாற்று என்ன என்று பார்க்கும்போது, அது விமானி மேலிருந்து பார்த்துத் தீர்மானிப்பது என்றாகிறது. 500 மீட்டர் உயரத்திலிருந்து யாருடைய ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது என்று தெரியாது. பொய் சொல்லக்கூடியவனே ஆனாலும் நோயாளியைத் தொட்டுப் பார்த்தவனின் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுத்தாக வேண்டும். பிரேடியின் பங்களிப்பு இங்கேதான் பொருந்துகிறது. விதியைத் தளர்த்தாமல் விதியின் விலையைக் குறைக்கும் வழி, பனியிலும் இருட்டிலும் மோதாமல் இறங்கக் கற்றுக்கொள்வது. வெறும் முரட்டுத் துணிச்சலாக இருந்தால் அந்த 51 பேர் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். மலைச்சரிவில் ஒரு கருகிய ஹியூயி வந்திருக்கும்.

இத்தனை பாடுபட்டதற்குப் பலன் இருந்ததா? எண்களை மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். மருத்துவமனை போய்ச் சேர்ந்த அமெரிக்கச் சிப்பாய்களில் இறந்தவர்கள் இரண்டாம் உலகப்போரில் 4.5 சதவீதம், கொரியாவில் 2.5, வியட்நாமில் 2.6. இத்தனை ஹெலிகாப்டர்கள் பறந்தும் கொரியாவைவிடச் சற்றுக் கூடத்தான் இருக்கிறது. இதைக் காட்டி ஹெலிகாப்டரின் புகழ் மிகை என்று வாதிடலாம். ஆனால் மருத்துவமனைக் கணக்கில் மருத்துவமனை வாசலைத் தாண்டியவன்தான் வருவான். முன்பெல்லாம் வயலிலேயே இறந்து 'களப்பலி' என்ற பத்தியில் எழுதப்பட்டவன் இப்போது உயிரோடு வாசலைத் தாண்டினான், அப்படித் தாண்டியவர்களில் சிலர் உள்ளே போய் இறந்தார்கள். குண்டடிபட்டவர்கள் அனைவரிலும் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் படம் மாறுகிறது: இரண்டாம் உலகப்போரில் சுமார் 29 சதவீதம், கொரியாவில் 26, வியட்நாமில் 19. இந்த வீழ்ச்சி முழுவதையும் ஹெலிகாப்டரின் பெயரில் எழுதிவிட முடியாது. பக்கத்திலேயே அமைந்த அறுவைச் சிகிச்சை மனைகளுக்கும், தாராளமாகக் கிடைத்த ரத்தத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் அறுவை மேசைக்கும் ரத்தத்துக்கும் முன்னால் ஆள் உயிரோடு வந்து சேர வேண்டுமே. அந்தப் போரில் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர்கள் ஏற்றியவர்கள் எட்டரை லட்சத்துக்கும் ஒன்பது லட்சத்துக்கும் இடையில் என்பது மதிப்பீடு. அதில் தென் வியட்நாமியச் சிப்பாய்களும் பொதுமக்களும் கணிசம்.

கடைசி ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை, இருப்பதுபோல் நடிக்கவும் விரும்பவில்லை. விரைவான மீட்பு போரையும் எளிதாக்குகிறது. அடிபட்டால் அரைமணியில் தூக்கிப் போய்விடுவார்கள் என்று தெரிந்த சிப்பாய் காட்டுக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போவான். அது தெரிந்த தளபதி அவனை இன்னும் கொஞ்சம் ஆழமாக அனுப்புவான். மீட்பு ஹெலிகாப்டர் மன உறுதியைக் கூட்டுகிறது என்று தளபதிகளே பெருமையோடு சொன்னார்கள், அந்தப் பெருமைக்குள் இதுவும் அடங்கும். அமெரிக்கா அந்த மண்ணில் இருந்திருக்கவே கூடாது என்று கருதுகிறவர்களுக்கு டஸ்ட்ஆஃப் அந்த எந்திரத்தின் ஒரு பல்சக்கரம். அதை மறுக்க முடியாது. எனினும் ஸ்டில்வெல்லின் திட்டம் வென்றிருந்தால் அந்தப் போர் ஒரு நாள் முன்னதாக முடிந்திருக்கும் என்று நம்ப எந்த முகாந்திரமும் இல்லை. அதே போர் நடந்திருக்கும், வயலில் செத்தவர்கள் கூடியிருப்பார்கள், அவர்களில் முதலில் கைவிடப்பட்டவர்கள் வியட்நாமியர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

விதிதான் துணிச்சலைத் தாங்குகிறது என்று இதுவரை வாதிட்டிருக்கிறேன். இந்த வாதத்துக்கு நேரெதிரான ஒரு சோதனை அதே சூ லாயில் காத்திருக்கிறது. பிரேடி பனிப் பள்ளத்தாக்கில் ஊர்ந்து சரியாகப் பத்து வாரங்களுக்குப் பிறகு, 1968 மார்ச் 16 காலையில், அந்த முகாமிலிருந்து இயங்கிய வேறொரு பிரிவின் வேவு ஹெலிகாப்டர் ஒன்று மை லாய் கிராமத்தின் மேல் பறந்தது. ஓட்டியவர் வாரண்ட் ஆபீசர் ஹியூ தாம்சன், வயது 24. அவர் மீட்க இறங்கியது பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்தாரை. அவர்களைச் சுட வந்துகொண்டிருந்தவர்கள் அவருடைய சொந்த ராணுவத்துச் சிப்பாய்கள். அவர் கையில் இதற்கென்று எந்தப் பிரிவின் விதியும் இருக்கவில்லை, கெல்லியைப் போல முன்னால் போனவர் எவரும் இல்லை.

(தொடரும்)